உதவிக்கு அழைத்தவர்களைத் தண்டிக்காதீர்கள்: கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதி வார்டன்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் முதல்வர்கள், தாளாளர்கள், விடுதி வார்டன்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். சுற்றி வளைக்காமல் என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் விடுதியில் ஒரு மாணவன் போதை அளவு மீறி நினைவிழந்து கிடக்கும்போது, உதவி கேட்டு அழைக்கும் நண்பர்கள் மீதும், கிடப்பவன் மீதும், அந்த அழைப்பை வைத்து எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். கொடுத்த பிறகு, மாணவர்கள் அதை நம்பும்படி நடந்துகொள்ளுங்கள்.

போதைக்கு எதிராக நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 ஆகஸ்ட் 11 அன்று மாநிலம் முழுவதும் மாணவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். போதைப் பொருள் எதிர்ப்பு மன்றங்கள் வந்திருக்கின்றன. ஆண்டுதோறும் போதைப் பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பேரணி, மனிதச் சங்கிலி, ஓவியப் போட்டி, காவல் துறை அதிகாரியின் உரை எல்லாம் நடக்கின்றன. அவை நடக்கட்டும். ஆனால் அந்தக் கூட்டங்களில் பேசப்படுவதெல்லாம் ‘தொடாதே’ என்பது ஒன்றுதான். தொட்டுவிட்டவன் நள்ளிரவில் மூச்சுத் திணறிக் கிடந்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகஸ்ட் 31 என்று இன்னொரு நாளும் இருக்கிறது. 2001-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் தொடங்கி இன்று உலகின் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் ஓவர்டோஸ் விழிப்புணர்வு நாள் அது. நம் கல்லூரி நாட்காட்டிகளில் அதை நான் பார்த்ததே இல்லை.

உங்களில் பலர் கல்லூரியில் படித்த காலத்தின் போதையும் இன்றைய போதையும் ஒன்றல்ல. கஞ்சா மட்டும் புகைத்தவனுக்கு மூச்சு நின்று போவது அரிது. இப்போது எங்களிடம் வரும் மாணவர்களில் பலர் எடுத்திருப்பது மாத்திரை. கடுமையான வலிக்காக, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய டாபென்டடால் போன்ற வலி நிவாரணிகள், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள். டாபென்டடால் அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாமே மூளையில் மூச்சுக்குக் கட்டளையிடும் பகுதியை மந்தப்படுத்துபவை. தூக்க மாத்திரையும் மதுவும் அதே பகுதியை அழுத்துபவை. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால், தனித்தனியாகத் தாங்கக்கூடிய அளவுகூட ஒன்றாகக் கொன்றுவிடும்.

மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் டால்க், செல்லுலோஸ் போன்ற கரையாத பொருள்கள் இருக்கின்றன. அவை இரத்தத்தில் போய் நுரையீரலின் நுண்ணிய நாளங்களை அடைத்துக்கொள்கின்றன. இதய வால்வில் கிருமித் தொற்று, ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி என்று அது தொடரும். மாத்திரை என்பதால், மருந்துக் கடைச் சரக்கு என்பதால், ‘இது போதைப் பொருளே இல்லை’ என்று நம்பும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சாவு சத்தமில்லாமல் வருவது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவனை விடுதி முழுவதும் கவனிக்கும். இவன் படுத்துக் குறட்டை விடுவான். அந்தக் குறட்டைதான் எங்களுக்கு அச்சம் தருவது. தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்று தடைபட்டுக் கொப்பளிக்கும் ஓசை அது. அறைத் தோழர்களோ ‘நன்றாகத் தூங்குகிறான், காலையில் தெளிந்துவிடும்’ என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மூச்சு ஒரேயடியாக நிற்பதில்லை. நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் இருக்க வேண்டியது எட்டாகும், ஆறாகும், உதடு நீலம் பாரிக்கும். இதற்குச் சில சமயம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட ஆகும். அதாவது, காப்பாற்றுவதற்கு நேரம் இருக்கிறது. முழுதாக மூச்சு நின்ற பிறகுதான் கணக்கு நிமிடங்களுக்கு வருகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும்.

அந்த ஒன்றிரண்டு மணி நேரம் உங்கள் விடுதி அறையில் எப்படிக் கழிகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு இரவு, மணி மூன்றைத் தாண்டியிருக்கும். மூன்று மாணவர்கள் ஒரு ஆட்டோவில் நான்காமவனைக் கொண்டுவந்தார்கள். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். வாயோரத்தில் எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது. கண் பாப்பா இரண்டும் ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. “என்ன எடுத்தான்?” என்று கேட்டேன். “இரவு பரோட்டா சாப்பிட்டான் சார், ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது” என்றான் ஒருவன். மறுபடி கேட்டேன். மூவரும் தரையைப் பார்த்தார்கள். செவிலியர் அக்கா அவர்களில் சிறியவனைத் தனியே அழைத்துப்போய், “தம்பி, நாங்கள் போலீஸ் இல்லை. உன் நண்பன் பிழைக்க வேண்டுமா வேண்டாமா?” என்று கேட்ட பிறகுதான் அவன் பேன்ட் பையிலிருந்து காலியான மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, “காலேஜுக்குத் தெரியுமா சார்?” என்பது.

அன்று அபின் வகை மருந்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி இருந்தது, அட்டை கையில் கிடைத்தது, மாணவன் பிழைத்தான். பிறகு விசாரித்தபோது தெரிந்தது: இரவு ஒரு மணிக்கே அவன் அசைவற்றுக் கிடந்திருக்கிறான். இரண்டு மணி நேரம் அவர்கள் தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள். நண்பன் மீது அக்கறை இல்லாதவர்கள் இல்லை. ஒருவன் அழுதுகொண்டே இருந்தானாம். அவர்கள் பேசியது முழுவதும் வார்டனைப் பற்றி, டி.சி. பற்றி, அப்பாவை வரவழைப்பதைப் பற்றி.

இப்படிக் கேட்டுக்கேட்டு அந்த இரண்டு மணி நேரத்தின் வழித்தடம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. முதலில் சீனியரிடம் கேட்பார்கள். சீனியர் மோர் கொடு, எலுமிச்சைச் சாறு கொடு, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவை என்பார். (நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகும். அதனாலேயே இறந்தவர்கள் உண்டு.) பிறகு காவலாளியிடம் போவார்கள். கேட் பூட்டியிருக்கும். சாவி காவலாளியிடம் இருந்தாலும் வார்டன் சொல்லாமல் திறக்கக் கூடாது. வார்டன் தூக்கத்திலிருந்து எழுந்து முதல்வருக்குப் போன் செய்வார். தனியார் கல்லூரி என்றால் முதல்வர் தாளாளருக்குப் போன் செய்வார். “108 வேண்டாம், சைரன் கேட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், நமக்குத் தெரிந்த கிளினிக்குக்குக் கல்லூரி வண்டியிலேயே கொண்டு போங்கள்” என்று உத்தரவு வரும். அந்தக் கிளினிக்கில் இரவில் மருத்துவர் இருக்க மாட்டார். அங்கிருந்து எங்களிடம் அனுப்புவார்கள்.

உங்களை மனச்சாட்சி இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வார்டன் பெரும்பாலும் பகல் முழுவதும் பாடம் நடத்திவிட்டு, கூடுதல் பொறுப்பாக விடுதியையும் சுமக்கும் ஓர் உதவிப் பேராசிரியர். ஏதாவது நடந்தால் முதல் பழி அவர் தலையில்தான் விழும். அவரும் அந்த மாணவர்களைப் போலவே பயந்துகொண்டுதான் இருக்கிறார். அதனால்தான் உறுதிமொழி எழுத்தில் வேண்டும் என்கிறேன். ‘யாரையும் கேட்காமல் 108-ஐ அழைக்கலாம், கேட்டைத் திறக்கலாம்’ என்று காவலாளிக்கும் வார்டனுக்கும் நிர்வாகம் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவர்கள் பயமும் தீரும்.

சேர்க்கையின்போது மாணவனும் பெற்றோரும் ராகிங்குக்கு எதிரான உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறார்கள். பல விடுதிகளில் அதோடு இன்னொரு தாளும் இருக்கும்: போதைப் பொருள் வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ உடனடியாக நீக்கப்படுவேன், கட்டணம் திருப்பித் தரப்படாது, மேற்கொண்டு எந்த முறையீடும் செய்ய மாட்டேன். அந்தத் தாளைப் பதினேழு வயதில் கையெழுத்திட்டவன் நள்ளிரவு ஒரு மணிக்கு அதைத்தான் நினைத்துக்கொள்கிறான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் இன்னும் மோசம். அவன் டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதும் ஒன்றுதான், செத்துப்போவதும் ஒன்றுதான் என்று அவனே நினைக்கிறான், நண்பர்களும் நினைக்கிறார்கள். பெண்கள் விடுதியில் இந்தப் பயம் இரட்டிப்பு. அங்கிருந்து எங்களிடம் வருகிறவர்கள் வரும்போதே ‘உணவு ஒவ்வாமை’ என்று எழுதிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள்.

‘சட்டம் அப்படி இருக்கிறதே, நாங்கள் என்ன செய்ய?’ என்று சிலர் கேட்பீர்கள். சட்டம் நீங்கள் நினைப்பதைவிட இரக்கமுள்ளது. போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985-இன் 27-வது பிரிவு, போதைப் பொருளை உட்கொள்வதற்குத் தண்டனை சொல்கிறது. பொருளின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், உட்கொண்ட குற்றத்துக்காகவோ சிறிய அளவு சார்ந்த குற்றத்துக்காகவோ அவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம், அவ்வளவுதான். அடிமையானவர் திருந்துவதற்கு நாடாளுமன்றமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கல்லூரியின் விதிப் புத்தகம் மட்டும் ஏன் அதைச் சாத்த வேண்டும்?

அவசர நிலையில் வரும் யாருக்கும் போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது. விபத்துப் பதிவேட்டில் எழுதுவதும் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பதும் எங்கள் கடமை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது சிகிச்சைக்குப் பிறகு வருவது. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் தனிப் பாதுகாப்பு கொடுத்தார்கள். இன்று யாரும் விபத்தில் கிடப்பவரைப் பார்த்து ஒதுங்கிப் போகத் தேவையில்லை. போதையில் கிடப்பவனைத் தூக்கி வரும் நண்பனுக்கும் அப்படி ஒரு பாதுகாப்பைச் சட்டமாகவே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-இல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது, பிறகு பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றின. கனடா 2017-இல் நாடு முழுமைக்கும் கொண்டுவந்தது. இங்கே சட்டம் வரும்போது வரட்டும். உங்கள் கல்லூரியின் ஒழுங்கு விதி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைத் திருத்த ஆட்சிமன்றக் குழுவின் ஒரு கூட்டம் போதும்.

‘மன்னிப்பு உண்டு என்று சொன்னால் எல்லாரும் துணிந்து எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்’ என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதை நான் அலட்சியப்படுத்தவில்லை. பெற்றோருக்கும் இதே கவலை இருக்கும். நான் கேட்பது விற்கிறவனுக்கான மன்னிப்பு அல்ல. மற்ற நாட்களில் சோதனை நடத்துவதை நிறுத்தச் சொல்லவில்லை. உயிரைக் காக்க அழைத்த அந்த ஓர் அழைப்புக்கு மட்டும், அழைத்தவருக்கும் கிடந்தவருக்கும் மட்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் மதுவால் நினைவிழந்தவர்களுக்காக இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்து, என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தது. உதவிக்கான அழைப்புகள் கூடின. ‘மாட்டிக்கொள்வேனோ’ என்ற பயத்தால் அழைக்கவில்லை என்று சொன்னவர்கள் குறைந்தார்கள். அப்படிச் சிகிச்சைக்கு வந்த மாணவர்களில் பிறகு ஆலோசனைக்கும் வந்தவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்தக் கடைசிச் செய்திதான். தண்டனைக்குப் பயந்து ஒளிந்தவனிடம் யாரும் பேசக்கூட முடியாது. சிகிச்சைக்கு வந்தவனிடம் பேசலாம்.

நீக்கிவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் வெளியே அறை எடுத்துத் தங்குகிறான். தனியாகப் பயன்படுத்துகிறான். தனியாக இருப்பவன் மூச்சு நின்றால் பார்க்கவே ஆள் இல்லை.

வார்டன்கள் அறிய வேண்டிய இன்னொன்று, தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தொடர்ந்து எடுப்பவனின் உடல் மருந்துக்குப் பழகி, அதிக அளவைத் தாங்கும். சில வாரங்கள் நிறுத்தினால் அந்தப் பழக்கம் போய்விடும். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வீட்டில் ஒழுங்காக இருந்துவிட்டுத் திரும்பியவன், பழைய அளவையே எடுத்தால் அதுவே அவனுக்கு மிகை. மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பியவனுக்கும் இதே ஆபத்து. ‘திருந்தி வந்தவன்’ என்று நாம் நிம்மதி அடையும் அந்த முதல் வாரங்களில்தான் அவன் மிக எளிதாகச் சாகக்கூடியவன். விடுமுறை முடிந்து விடுதி திறக்கும் முதல் வாரத்தில் இரவுச் சுற்று கூடுதலாக வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவனைக் கண்டுபிடித்துப் பிடிப்பதற்காக இல்லை. அறைக்கு அறை ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும்.

முதலாண்டு மாணவர்களின் அறிமுக நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சாளர் வேண்டாம், பயிற்சி வேண்டும். உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்செலும்பின் நடுவில் விரல் முட்டிகளால் அழுத்தித் தேய்த்தும் எழவில்லை என்றால் அது தூக்கம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு நிமிடம் முழுதாகக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணத் தெரிய வேண்டும். பத்துக்கும் குறைவு என்றால் ஆபத்து. கொப்பளிக்கும் குறட்டை, நீலம் பாரித்த உதடு, நகம், சுருங்கிய கண் பாப்பா, இவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே 108. கொரோனாக் காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி எத்தனையோ விடுதிகளின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பேட்டரி மாற்றி எல்லாருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். ஆனால் அது காட்டும் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் முழங்காலை மடக்கி, தலையைச் சற்றே பின்னோக்கி வைத்தால் வாந்தி வந்தாலும் வெளியே போய்விடும். மூச்சு நின்றிருந்தால் நிமிர்த்திப் படுக்கவைத்து மார்பை அழுத்த வேண்டும், பழகியவர்கள் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். 108-இல் பேசுகிறவர் போனிலேயே சொல்லிக்கொடுப்பார். யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒருவர் கேட்டில் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. நடக்கவைக்கக் கூடாது. அடிக்கக் கூடாது. மாத்திரை அட்டையோ பாட்டிலோ எது கிடந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். அதை ஜன்னல் வழியே வீசி எறிந்துவிட்டு வருகிறார்கள். எங்களுக்குச் சிகிச்சையில் பாதி அந்த அட்டைதான்.

நலாக்சோன் பற்றியும் ஒரு வார்த்தை. அபின் வகை மருந்து மூளையில் பிடித்திருக்கும் இடத்தை விடுவித்து மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து அது. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் 2023 மார்ச்சில் அதன் மூக்குத் தெளிப்பானைச் சீட்டு இல்லாமலே கடையில் விற்க அனுமதித்தார்கள். இங்கே அது மருத்துவமனையில் போடும் ஊசி. அதனால்தான் எங்களிடம் வந்து சேரும் நேரம் இவ்வளவு முக்கியமாகிறது. ஊசி போட்ட சில நிமிடங்களில் மாணவன் எழுந்து உட்கார்ந்து ‘நான் விடுதிக்குப் போகிறேன்’ என்பான். அழைத்துப் போய்விடாதீர்கள். நலாக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், உள்ளே போன மாத்திரை அதற்குப் பிறகும் இருக்கும். மீண்டும் மூச்சு அடங்கலாம். நாங்கள் விடும்வரை விடுதிப் பொறுப்பாளர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

எல்லாம் அபின் வகை என்றும் இல்லை. உடலைத் தூண்டிவிடும் மெத் (மெத்தம்பெட்டமின்) போன்றவற்றை எடுத்தவன் பெரும்பாலும் மயங்கமாட்டான், உடல் நெருப்பாகக் கொதிக்கும், நெஞ்சு வலிக்கும், வலிப்பு வரும், யாரோ துரத்துவதாகக் கத்துவான். அவனைக் கட்டிப்போட்டு அறையில் பூட்டுவது கொடிய தவறு. ஈரத் துணியால் துடைத்துக் குளிரவைத்து, அவனுக்கும் 108-ஐத்தான் அழைக்க வேண்டும்.

பிழைத்தவன் திரும்பி வந்த பிறகு அவனை நடத்தும் விதத்தைத்தான் மற்ற மாணவர்கள் கூர்ந்து கவனிப்பார்கள். பெற்றோரிடம் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அவனிடம் பேசி, அவன் முன்னிலையில், ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ வைத்துக்கொண்டு சொல்லுங்கள். காலை அசெம்பிளியில் பெயர் சொல்லாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் 2025-இல் திறக்கப்பட்டிருக்கின்றன, அங்கே அனுப்புங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, நச்சு பற்றிய சந்தேகங்களுக்கு டெல்லி எய்ம்ஸ் மையத்தின் 1800 116 117, மூன்றும் கட்டணமில்லாதவை. வேண்டுமென்றே அதிக மாத்திரை எடுத்தவர்களும் இவர்களில் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். அவர்களை அடையாளம் காண்பது மனநல மருத்துவரின் வேலை, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் வேலை அல்ல.

உங்கள் விடுதி விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லி நான் கேட்கும் வரிகள் இவைதான்:

“போதைப் பொருளாலோ மதுவாலோ ஒருவரின் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டு, அதற்காக உதவி கோரி அழைக்கும் மாணவர் மீதும் பாதிக்கப்பட்ட மாணவர் மீதும், அந்தச் சம்பவத்தில் போதைப் பொருள் பயன்படுத்தியதற்காகக் கல்லூரி எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்காது. 108-ஐ அழைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆம்புலன்ஸுக்கு எந்த நேரத்திலும் விடுதிக் கதவு திறக்கப்படும்.”

கீழே முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். ஒரு பிரதியை ஒவ்வொரு மாடிப்படி முகப்பிலும் ஒட்டுங்கள், ஒரு பிரதியைப் பெற்றோருக்குக் கொடுங்கள். வரும் கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்பே இதைச் செய்துவிட முடியும். பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்றால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவைக் கேளுங்கள். எங்களைப் போன்றவர்கள் மகிழ்ச்சியோடு வருவோம், பொம்மையை வைத்து மார்பை அழுத்தக் கற்றுக்கொடுப்போம். அந்த வகுப்பில் காவலாளியையும் மெஸ் ஊழியர்களையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள். இரவில் விழித்திருப்பவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவர்